வாக்குமூலத்தில் விடுபட்ட ஓர் எழுத்து

1912 ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து மேகம். மலையில் சாரல் பிடித்துவிட்டது போல. ஆற்றில் நேற்றைவிட ஒரு படி தண்ணீர் கூடுதல். இடது கடைவாய்ப் பல் விண் விண் என்று தெறிக்கிறது. கிராம்பு வைத்தேன். பிரயோஜனமில்லை.

கலெக்டர் துரை கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார், அதுவே விசேஷம். சென்னையில் அட்வகேட் ஜெனரலுக்கு உதவியாக ஒரு வக்கீல் தேவையாம், கொலைக் கேஸ் நடத்தித் தேறினவராக. ஜில்லாவுக்கு ஒரு பெயர் கேட்டிருக்கிறார்கள். என் பெயரை அனுப்ப உத்தேசம். என் உத்தியோக வாழ்க்கையை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும். "உடன்குடிக் கேஸ் முடியட்டும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம்" என்றார். முடியட்டும் என்றால் ஜெயிக்கட்டும் என்று அர்த்தம்.

வீட்டில் வந்து சொன்னேன். என் சம்சாரம் சந்தோஷப்படுவாள் என்று முகத்தைப் பார்த்தேன். "மெட்ராஸ்ல தண்ணி உப்பாம்லா. ஆத்துத் தண்ணிய விட்டுட்டு அங்கன போயி என்ன செய்ய?" அட்வகேட் ஜெனரல் என்றால் மாகாணத்து வக்கீல்களுக்கெல்லாம் தலை, சர்க்காருக்கே சட்டம் சொல்லுகிறவர் என்று விளக்கினேன். "அவிய பெரிய ஆளாவே இருந்துட்டுப் போகட்டும். அந்தத் தண்ணில பருப்பு வேகாதாம்" என்றாள்.

பல் வலியோடு இவளிடம் வாதாட முடியாது.

ஜூலை 9, செவ்வாய்

வாழ்க்கைத் தாள், முதல் நகல்:

பிறப்பு: திருநெல்வேலி டவுன். வயது 47.
குடும்பம்: சைவம். நிலம் இருந்தது, இப்போது இல்லை. (எழுத வேண்டாம்.)
படிப்பு: பாளையங்கோட்டை மிஷன் பள்ளி. பிறகு சென்னையில் பி.ஏ., பி.எல். (பி.எல். இரண்டாம் தடவை. எழுத வேண்டாம்.)
தொழில்: இருபது வருஷம். அதில் முதல் நாலு வருஷம் கோர்ட் வராந்தாவில் ஈ ஓட்டியது. (எழுத வேண்டாம்.)
சர்க்கார் வக்கீல்: ஆறு வருஷமாக.
கொலைக் கேஸ்: ஜெயித்தவற்றை மட்டும்.

வேண்டாம் என்று அடைப்புக்குள் போட்டதுதான் படிக்க நன்றாயிருக்கிறது. கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

மத்தியானம் உடன்குடிக் கேஸ் கட்டைப் பிரித்தேன். என் ஞாபகத்துக்காகச் சுருக்கம்:

செத்தவர்: செல்லையா அண்ணாச்சி. கருப்பட்டி வியாபாரி, உடன்குடிக்குப் பக்கத்தில் சொந்தப் பனந்தோப்பு. வைகாசியில் ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், தோப்புக்குள் கழுத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்தார்.

எதிரி: இசக்கிமுத்து. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவன். அவர் தோப்பில் பனை ஏறுகிறவர்களில் ஒருவன். ஒரு வாரம் முன்னால் சந்தையில் எல்லார் கண் முன்னாலும் அண்ணாச்சி கையால் அறை வாங்கியவன்.

அரிவாள்: எதிரியுடையது. கறை உண்டு. ரத்தம்தான் என்று சென்னைப் பரிசோதனையில் நிச்சயமாகச் சொல்லவில்லை.

பார்த்த சாட்சி: இல்லை.

கேட்ட சாட்சி: வெற்றிலைக் கடை வேலாயுதம். அன்று காலையில் எதிரி கடை முன்னால் நின்று சொன்னது, "அந்திக்கு அண்ணாச்சியைச் சீவிருதேன்."

இந்த ஒரு வரியில்தான் கேஸ் நிற்கிறது. ஆனால் நன்றாக நிற்கிறது. இப்படிச் சொன்னாயா என்று மாஜிஸ்திரேட் எதிரியிடமே கேட்டிருக்கிறார். பதில்: "ஆமா, சொன்னேன். தினமும் சொல்லுததுதான." படித்ததும் சிரித்துவிட்டேன். தினமும் சொல்லுகிறானாம்! என்ன நெஞ்சழுத்தம் பார்.

ஜூலை 11, வியாழன்

வெயில். காற்று சுழற்றி அடிக்கிறது, ஜன்னல் கதவெல்லாம் படபட. ஆஸ்பத்திரியில் பல்லைக் காட்டினேன். பிடுங்க வேண்டுமாம். கேஸ் முடிந்து வருகிறேன் என்று தப்பித்து வந்தேன். தூக்குக் கேஸ் நடத்துகிறவனுக்குப் பல் பிடுங்கும் இடுக்கியைக் கண்டால் பயம்.

சாயங்காலம் ஞானமணி வந்தான். எதிரிக்கு வக்கீல் வைக்க வசதியில்லாததால் கோர்ட்டே நியமித்த பையன் வக்கீல். பாளையங்கோட்டைக்காரன், இது முதல் கொலைக் கேஸ். ஒரு காகிதம் பார்க்க வேண்டும் என்று வந்தவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து புலம்பினான்.

"அவன்ட்ட பேசவே முடியல ஐயா. 'அப்படிச் சொல்லவே இல்ல'ன்னு சொல்லுலேன்னா, 'சொன்னத சொல்லலன்னு பொய் சொல்லச் சொல்லுதியளா'ன்னு என்னைய மொறைக்கான். 'சொன்னா என்ன தப்பு'ங்கான்."

காப்பி கொடுத்து அனுப்பினேன். பாவம். நானும் ஒரு காலத்தில் இப்படி நாற்காலி நுனியில் உட்கார்ந்தவன்தான்.

ஜூலை 12, வெள்ளி

கேஸ் ஆரம்பம். ஆற்றுப்பாலத்தில் மாட்டு வண்டி ஒன்று அச்சு முறிந்து வழியை மறித்ததால் கால் மணி தாமதம். ஜட்ஜ் துரை கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

அசெஸர்கள் நால்வர். ஜட்ஜுக்கு அபிப்பிராயம் சொல்ல ஊரிலிருந்து வரவழைத்த பெரிய மனிதர்கள். அதில் ஆழ்வார்திருநகரிக்காரர் ஒருவர் பதினொரு மணிக்கே தூங்கிவிட்டார்.

முதலில் பொன்னம்மாள், செத்தவரின் சம்சாரம். மூன்று கேள்வி. பிணம் யாருடையது? இந்த அரிவாள் யாருடையது? சந்தையில் சண்டை நடந்தது உண்டா? இறக்கிவிட்டேன். துக்கத்தில் இருக்கும் பெண்பிள்ளையை நீட்டிக் கேட்டால் அசெஸர்களுக்குப் பிடிக்காது.

பிறகு வேலாயுதம். நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பேசுகிறான். அந்த வரி வந்ததும் ஜட்ஜ் பேனாவை நிறுத்தி மறுபடி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கையைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டி இங்கிலீஷில் சொன்னார். ஜட்ஜ் எழுதிக்கொண்டார். ஞானமணி குறுக்கே இரண்டு கேள்வி கேட்டு, இரண்டும் எனக்கே சாதகமாகப் போயிற்று.

மீதி திங்கட்கிழமை. நன்றாகப் பேசினேன் இன்று. நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வீட்டில் கேட்பாரில்லை.

ஜூலை 13, சனி

காலை எட்டு மணிக்குக் கருப்பட்டிக்காரி வந்தாள். உடன்குடிப் பக்கத்துக்காரி, மாதம் ஒரு தடவை தலைச்சுமையாக வருகிறவள். நான் உள்ளே வாழ்க்கைத் தாளின் மூன்றாம் நகலில் இருந்தேன். வாசலில் என் சம்சாரம் பேரம்.

"போன தடவ கொண்டாந்தது கசந்துச்சு."

"அது கீழத்தோப்புது, ஆச்சி. இது அண்ணாச்சியது. முந்தாநா சீவுனது, வாயில போட்டுப் பாருங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

வெளியே வந்து, சீவுகிறது என்றால் என்ன என்று கேட்டேன். சர்க்கார் வக்கீலுக்கு இதுகூடத் தெரியாதா என்று அவள் பார்த்த பார்வை! பாளை நுனியைத் தினம் இரண்டு நேரம் அரிவாளால் மெல்லிசாகச் சீவ வேண்டுமாம். ஒரு நேரம் விட்டாலும் பதநீர் நின்றுபோகும். எனக்குத் தலை சீவத் தெரியும், பென்சில் சீவத் தெரியும்.

"அண்ணாச்சியது என்றாயே, எது?"

"அவரு பனை."

"பனை என்று சொல்லவில்லையே நீ."

"பனைன்னு எதுக்கு ஐயா தனியாச் சொல்லணும்? பனையத்தான சீவுவாவ. மனுசனையா சீவுவாவ?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இவளும் சிரித்தாள்.

கேஸ் கட்டை எடுத்துப் பார்த்தேன். 'அண்ணாச்சியை.' அழகான எழுத்து. வேலாயுதம் நேற்றுக் கூண்டில் என்ன சொன்னான் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். 'அண்ணாச்சியத' என்றுதான் காதில் இருக்கிறது. நேற்று அதையும் 'அண்ணாச்சியை' என்றே கேட்டுக்கொண்டேன். மாஜிஸ்திரேட் கோர்ட் குமாஸ்தாவும் அப்படித்தான் செய்திருக்கிறார். கூண்டில் ஏறுகிறவன் கொச்சையாகப் பேசினால் நாம் இலக்கணமாகத் திருத்தி எழுதுவது வழக்கம். அவர் திருத்தினதில் 'த' போயிற்று. பனை போயிற்று. அண்ணாச்சி மட்டும் அரிவாளுக்கு முன்னால் நிற்கிறார்.

தினமும் சொல்லுகிறதுதானே என்றானே. தினமும்தான் சொல்லியிருப்பான்.

சாப்பாடு இறங்கவில்லை. பல் வலி என்று சொன்னேன்.

ஜூலை 14, ஞாயிறு. அமாவாசை

குறுக்குத்துறையில் குளியல், தர்ப்பணம். தண்ணீர் சிவப்பாக வருகிறது.

இன்ஸ்பெக்டர் வந்தார். சும்மா கேட்பதுபோல, சீவுவதற்குப் பனையேறி பாஷையில் அர்த்தம் என்ன என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அது தெரியாமயா ஐயா? ஆனா மனுசனையும் சீவலாம்லா?"

"உமக்கு முன்னமே தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். எதிரி வக்கீலு கேட்டாத்தான அது சந்தேகம். நீங்க ஏன் ஐயா போட்டு ஒலப்புதிய? அவன் சொன்னேன்னு ஒத்துக்கிட்டான். பெறவு என்ன?"

அவர் போன பிறகு யோசனை. ஞானமணிக்குத் தெரியாது. ஜட்ஜுக்குத் தெரிய வழியே இல்லை. அசெஸர்களுக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் அவர்களைக் கடைசியில்தான் கேட்பார்கள். மொழிபெயர்ப்பாளர் கழுத்தை இழுத்துக் காட்டினதை ஜட்ஜ் துரை எழுதிக்கொண்ட பிறகு யார் வாய் திறப்பார்? நான் பேசாமல் இருந்தால் பொய் சொன்னவனாக மாட்டேன். சாட்சி சொன்னான், எதிரி ஒப்புக்கொண்டான், கோர்ட் எழுதிற்று. நான் உட்கார்ந்திருந்தால் போதும். உட்கார்ந்தபடியே சென்னைக்குப் போய்விடலாம்.

இசக்கிமுத்து கொன்றானா இல்லையா, எனக்குத் தெரியாது. அந்த வாக்கியம் கொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். அதை எடுத்துவிட்டால் கேஸ் கட்டில் மிச்சம் சந்தையில் விழுந்த ஓர் அறையும் அரிவாளில் ஒரு கறையும்.

பயமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன், யார் பார்க்கப்போகிறார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். நாற்பத்தேழு வயதில் இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைசியில் இவளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. "அப்பம் நாளைக்குப் போயி சொல்லிர வேண்டியதுதான? இதுக்கா ரெண்டு நாளா சோறு திங்காம இருக்கிய?"

ஜூலை 15, திங்கள்

வேலாயுதத்தை மறுபடி கூண்டில் ஏற்ற அனுமதி கேட்டேன். உம்முடைய சாட்சியையே நீர் குறுக்கு விசாரணை செய்யப்போகிறீரா என்றார் ஜட்ஜ். ஒரு சொல் சம்பந்தமாகத் தெளிவு வேண்டும் என்றேன்.

கேள்வி: அவன் சொன்னதை முதலிலிருந்து, ஒன்றும் விடாமல் சொல்லும்.

"'கீழத்தோப்புத சீவியாச்சு, அண்ணாச்சியத அந்திக்குச் சீவிருதேன், வெத்தல குடும்'னான்."

முன்பாதியைக் கேட்டதும் கேஸ் கட்டைப் புரட்டினேன். இது கட்டில் எங்குமே இல்லை.

கேள்வி: அண்ணாச்சியையா, அண்ணாச்சியதா?

"அண்ணாச்சியத. அவரு பனைய."

கேள்வி: இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

"சொன்னேனே. எழுதுன ஐயாதான் கீழத்தோப்புக் கத நமக்கு எதுக்குன்னாவ. பொறவு நீங்கள்லாம் கேக்கும்போது, படிச்ச ஆளுக, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மொழிபெயர்ப்பாளர் 'த' என்ற எழுத்தை இங்கிலீஷில் விளக்கக் கால் மணி நேரம் பட்ட பாடு! ஜட்ஜ் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. ஆழ்வார்திருநகரிக்காரர் விழித்துக்கொண்டு, "அது சரிதான் துரையவாளே, சின்னப் பிள்ளைக்கும் தெரியும்" என்றார். ஞானமணி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். கூண்டிலிருந்து எதிரி மட்டும் சத்தமாக, "அதத்தான நானும் சொன்னேன்" என்றான். சேவகன் அதட்டினான்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூலை 16, செவ்வாய். ஆடி பிறந்தது

அசெஸர் நால்வரும் குற்றவாளி அல்ல என்றார்கள். ஜட்ஜ் அப்படியே தீர்ப்பு.

இசக்கிமுத்து எனக்கு நன்றி சொல்லுவான் என்று வராந்தாவில் கொஞ்சம் மெதுவாக நடந்தேன். உண்மையைத்தான் எழுத வேண்டும். வந்தான். "ஐயா, என் அரிவாள எப்பம் தருவாவ? நான் ஏறுத பனை ரெண்டு மாசமா சீவாமக் கெடக்கு, பாளையெல்லாம் காஞ்சிருக்கும்" என்றான். மனுக் கொடுக்க வேண்டும் என்றேன்.

ஜூலை 17, புதன்

பல் பிடுங்கியாயிற்று. ரத்தம் நிற்க மத்தியானம் ஆனது. கலெக்டர் ஆபீஸில் வாழ்க்கைத் தாளைக் கொடுத்தேன். தலைமைக் குமாஸ்தா சிரஸ்தார் வாங்கி மேஜையில் வைத்தார். துரை பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். நல்லதாயிற்று, வாய் நிறையப் பஞ்சு.

ஜூலை 24, புதன்

நல்ல சாரல். சென்னையிலிருந்து கடிதம். வேலை எனக்கே. ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும்.

ஜட்ஜ் துரை தானாகவே சென்னைக்கு எழுதியிருக்கிறார், கடிதத்தில் அதையும் எடுத்தெழுதியிருக்கிறார்கள்: தன் கட்சி தோற்கும் என்று தெரிந்தும் எழுந்து நின்ற சர்க்கார் வக்கீலை இந்த ஜில்லாவில் இப்போதுதான் பார்க்கிறேன் என்று. நாலு தடவை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட பாடு அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் நான் சொல்லப்போவதில்லை. இருபது வருஷத்தில் இன்றைக்குத்தான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்குச் சந்தோஷப்பட்டேன்.

ஞானமணி மாலையோடு வந்தான். இவள் இரண்டு செப்புக் குடத்தில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுபோக முடியுமா என்று கேட்கிறாள். மெட்ராஸ் போய்ச் சேருவதற்குள் தீர்ந்துவிடும் என்றேன். "தீரட்டும்" என்றாள்.

ஜூலை 30, செவ்வாய்

நாலரைக்கு வண்டி. சாமான்கள் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டன. வீடு ஓட்டை வெண்கலம் போலச் சத்தம் போடுகிறது. மத்தியானச் சாப்பாடு எதிர்வீட்டில். வாழைக்காய்ப் பொரியலில் உப்பு அதிகம்.

இரண்டரை மணி. செருப்பு மாட்டும்போது வாசலில் ஒரு பெண்பிள்ளை. வெள்ளைச் சேலை. உடனே அடையாளம் தெரியவில்லை. பொன்னம்மாள், செல்லையா அண்ணாச்சி சம்சாரம். உடன்குடியிலிருந்து வண்டி பிடித்துத் தனியாக வந்திருக்கிறாள்.

"இசக்கிமுத்து இல்லன்னு சொல்லிட்டிய. சரி ஐயா. அவன் இல்லன்னுதான் எனக்கும் தோணிச்சு. அப்பம் எங்க வீட்டு அவியளக் கொன்னது யாரு?"

போலீஸ் பார்க்கும் என்றேன்.

"இன்ஸ்பெக்டர் ஐயாகிட்டப் போனேன். 'கொன்னவனச் சர்க்கார் வக்கீலு வெளிய விட்டுட்டாரு, அவருகிட்டயே போயிக் கேளு'ன்னாவ. அதான் வந்தேன்."

கோபமாக வந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்கத்தான் வந்திருக்கிறாள்.

வைகாசியிலிருந்து இன்று வரை, அந்த ஒரு வரி கையில் இருந்ததால், யாரும் வேறு யாரையும் தேடவில்லை. நானும்தான். ஒருவன் கழுத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று மாலை போட்டுக்கொண்டேன். செத்துப்போனவரை அன்றைக்கே மறந்துவிட்டேன். இவளிடம் மூன்று கேள்வி கேட்டேன், மூன்றும் எனக்கு வேண்டிய கேள்வி. வெட்கமாக இருக்கிறது.

"வண்டிக்கு நேரமாச்சு" என்று உள்ளிருந்து இவள். போகட்டும், நாளை வண்டியில் போகலாம் என்றேன். இவள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு செப்புக் குடத்தை அவிழ்த்து அந்த அம்மாளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அம்மாளை உட்காரச் சொன்னேன். அன்றைக்கு என்ன நடந்தது, காலையிலிருந்து சொல்லுங்கள் என்றேன். தாள் எல்லாம் ஸ்டேஷனில். இந்த நோட்டுதான் கையில் இருக்கிறது. அந்த அம்மாள் சொல்லச் சொல்ல, ஓர் எழுத்தும் திருத்தாமல்:

"கருக்கல்லயே எந்திரிச்சு அவிய தோப்புக்குப் போயிட்டாவ. கஞ்சி குடிக்கத் திரும்பி வந்தாவ. நல்லாத்தான் பேசிட்டு இருந்தாவ. உச்சிப்பொழுதுக்கு ரெண்டு பேரு வந்து அவியளக் கூப்புட்டாவ. ஒருத்தர எனக்குத் தெரியும்."